கிரோன்ஸுக்கு லிக்விட் டயட்: வாயால குடிக்கிறதா, மூக்கு டியூபா, ஸ்டீராய்டா, பாதி சாப்பாடா?

கிரோன்ஸ்னு, அதாவது குடல்ல வீக்கமும் புண்ணும் வர்ற நாள்பட்ட நோய்னு உறுதியான கையோட டாக்டர் "இனி ஆறுல இருந்து எட்டு வாரம் சாப்பாடு கிடையாது, ஃபார்முலாங்கிற சத்து பானம் மட்டும்தான்"னு சொன்னா பதினஞ்சு வயசுப் புள்ளைக்கு தூக்கிவாரிப் போடும். எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் இருந்துச்சு. இதுக்குள்ளயே நாலஞ்சு வழி இருக்கு, எதுல என்ன லாபம், எதுல என்ன கஷ்டம்னு பக்கத்துல பக்கத்துல வச்சு யாராவது சொன்னா முடிவு எடுக்க எவ்ளோ ஈசியா இருக்கும், அதான் இத எழுதறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இது கிரோன்ஸுக்கு மட்டும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடல்ல புண் வர்ற இன்னொரு நோய்) இருக்கிறவங்களுக்கு இத வச்சு ஃபிளேரை, அதாவது நோய் கிளம்பறதை அடக்க முடியும்னு நம்பி இறங்கக்கூடாது. கிரோன்ஸ்லயும் ஆசனவாய் பக்கம் ஃபிஸ்டுலா (குடல்ல இருந்து தோலுக்கு விழற ஓட்டை), சீழ்னு இருந்தா இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி ஊசி மருந்துக்கு டாக்டர் நேரா போவாங்க, அவங்களுக்கு கீழ வர்ற அலசல் அவ்வளவா பொருந்தாது.

முதல்ல ஸ்டீராய்டா லிக்விட் டயட்டா. வீட்டுல எல்லாருக்கும் வர்ற கேள்வி இதுதான், "மாத்திரை போட்டா சரியாகுமே, எதுக்கு புள்ளைய பட்டினி போடணும்". பட்டினி கிடையாதுங்க, ஒரு நாளைக்குத் தேவையான கலோரி, புரதம், விட்டமின் எல்லாம் அந்த ஃபார்முலாலயே முழுசா இருக்கு. ஸ்டீராய்டு வேகமா வேலை செய்யும், சாப்பாட்டையும் விட வேண்டாம், இத மறுக்கவே முடியாது. ஆனா முகம் வீங்கும், பரு வரும், தூக்கம் போகும், எலும்பு பலவீனமாகும், எல்லாத்தையும் விட முக்கியமா வளர்ற வயசுல வளர்த்தி தடைபடும். பெரியவங்களுக்கு ஸ்டீராய்டுதான் கை கொடுக்குது, சின்னவங்க கணக்கு வேற. 2018ல வந்த காக்ரேன் அலசல்ல (பல ஆய்வுகளை சேர்த்து பார்க்கிற அமைப்பு அது) பிள்ளைங்கள்ல லிக்விட் டயட்ல 83 சதவீதம் பேர் ரெமிஷனுக்கு, அதாவது நோய் அடங்கின நிலைக்கு வந்தாங்க, ஸ்டீராய்டுல 61 (ஆய்வுகள் சின்னது, அதனால இத வச்சு ஜெயிச்சாச்சுன்னு சொல்ல முடியாது, ஸ்டீராய்டை விட குறைஞ்சது இல்லன்னு தைரியமா சொல்லலாம்). அதைவிட எனக்கு முக்கியமா படறது குடலோட உள்பக்கம் ஆறுறது. 2006ல இத்தாலில பண்ண ஒரு சின்ன ஆய்வுல பத்து வாரம் கழிச்சு பார்த்தப்போ ஃபார்முலா குடிச்சவங்கள்ல 74 சதவீதம் பேருக்கு புண் ஆறியிருந்துச்சு, ஸ்டீராய்டு எடுத்தவங்கள்ல 33. எக்கோ, எஸ்பிகான்னு ஐரோப்பால இருக்கிற ரெண்டு மருத்துவ சங்கம் சேர்ந்து 2014ல போட்ட வழிகாட்டிலயும் பிள்ளைங்களுக்கு முதல் சிகிச்சையா இதைத்தான் சொன்னாங்க. என் ஓட்டும் இதுக்குத்தான்.

சரி லிக்விட்னு முடிவாச்சு, எந்த ஃபார்முலா? எலிமெண்டல்னு ஒண்ணு இருக்கு, புரதத்தை அமினோ அமிலமா முழுசா உடைச்சு குடுப்பாங்க, வயித்துக்கு சுலபம்னு நினைச்சு சிலர் அதைத்தான் கேப்பாங்க. அதோட கசப்பு நாக்குல இருந்து லேசுல போகாது. பாலிமெரிக்ல புரதம் உடையாம முழுசா இருக்கும், மாடுலன் ஐபிடிங்கிற பிராண்டு இந்த வகைதான், ருசி பரவாயில்ல, லேசா இனிப்பு, கொஞ்சம் மாவு வாசம். ரெண்டும் ஒரே அளவுக்குத்தான் வேலை செய்யுதுன்னு ஆய்வுகள் சொல்லுது, அப்புறம் எதுக்கு கசப்பை குடிக்கணும்? பால் அலர்ஜி மாதிரி தனி காரணம் இருந்தா தவிர பாலிமெரிக்தான்.

இப்போ பெரிய விஷயத்துக்கு வர்றேன், வாயால குடிக்கிறதா டியூப் போடுறதா. டீனேஜ் புள்ளைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். முதல் நாள் ஜாலியா போகும், புதுசா இருக்கும். அப்புறம் ஒரு நாள் காலையில எந்திரிச்சு டம்ளரைப் பார்த்த உடனே தொண்டை தானா மூடிக்கும், நாக்கு மேல ஒரு படலம் ஒட்டின மாதிரி இருக்கும், தண்ணி குடிச்சாலும் போகாது. இதுக்கு எனக்கு கை கொடுத்தது, நல்லா ஜில்லுன்னு வச்சு, மூடி போட்ட கப்புல ஸ்ட்ரா வச்சு, ஸ்ட்ராவை நாக்கு நுனில வைக்காம கொஞ்சம் உள்ள தள்ளி வச்சு உறிஞ்சுறது. மூடி இருந்தா வாசம் மூக்குக்கு வராது, பாதி பிரச்சனை வாசம்தான். ஒரே மூச்சுல கவுத்தா வயிறு உப்பி பேதி ஆகும், இருபது நிமிஷம் எடுத்து குடிக்கலாம், நாள் முழுக்க ஆறேழு தடவையா பிரிச்சுக்கலாம். பல்லு தேய்க்கிறத விட்டுடாதீங்க, மெல்லாட்டாலும் தேய்க்கணும், நாக்கையும் சேர்த்து.

டியூப்னா மூக்கு வழியா வயித்துக்கு போற மெல்லிசான குழாய். போடும்போது தொண்டையில குமட்டும், கண்ணுல தண்ணி வரும், தண்ணிய உறிஞ்சி முழுங்கிக்கிட்டே இருந்தா சீக்கிரம் இறங்கிடும். ஒவ்வொரு தடவை ஃபீட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் அது வயித்துலதான் இருக்குதான்னு சொல்லிக்குடுத்த மாதிரி செக் பண்ணணும், இதுல சோம்பேறித்தனமே கூடாது. லாபம் என்னன்னா ருசியே தெரியாது, பம்ப் வச்சா ராத்திரி தலையை உயர்த்தி வச்சு தூங்கும்போதே மொத்தமும் இறங்கிடும், எடையும் நல்லா ஏறும். நஷ்டம் கன்னத்துல பிளாஸ்திரி, ஸ்கூல்ல எல்லாரும் பார்க்கிறது. சில பிள்ளைங்க ராத்திரி தானே போட்டு காலையில எடுத்துட்டு கிளம்பிடறாங்க, பழகினா முடியும்.

ரெமிஷன் வர்றதுல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல, அதனால வாயால ஆரம்பிக்கிறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். ஆனா தயவு செஞ்சு டியூபை மிரட்டலா மட்டும் பயன்படுத்தாதீங்க, "குடிக்கலன்னா டியூப் போட்ருவாங்க பாரு"ன்னு சொல்லி வளர்த்த புள்ளைக்கு நிஜமா டியூப் தேவைப்படும்போது அது தண்டனையா தெரியும், தோத்துட்டோம்னு அழும். குடிச்சு குடிச்சு அழுது தினமும் பாதி அளவோட நிக்கிற புள்ளைக்கு டியூப் எவ்ளோ பெரிய நிம்மதி தெரியுமா, வாய்க்கு ரெஸ்ட், அம்மா பின்னாடியே டம்ளரோட வர்ற சண்டை கிடையாது. முடிவை புள்ள கையில குடுங்க.

அடுத்தது எல்லாரும் கேக்கிற பாதி பாதி வழி. பாதி ஃபார்முலா, பாதி இஷ்டப்பட்ட சாப்பாடு. இத மட்டும் நான் வேண்டாம்னு உறுதியா சொல்வேன். 2006ல கட் (Gut)ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல முழு ஃபார்முலா எடுத்த பிள்ளைங்கள்ல 42 சதவீதம் ரெமிஷன், பாதி சாப்பாட்டோட எடுத்தவங்கள்ல 15 தான். கஷ்டமும் படணும், பலனும் வராது. ஆனா இதுலயே இன்னொரு வகை இருக்கு, கிரோன்ஸ் டிசீஸ் எக்ஸ்க்ளூஷன் டயட்னு, பேராசிரியர் ஆரி லெவின் குழு உருவாக்கினது. முதல் ஆறு வாரம் பாதி ஃபார்முலா, மீதி பாதிக்கு பட்டியல்ல இருக்கிற சாப்பாடு மட்டும், அதாவது கோழி நெஞ்சுக்கறி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் இப்படி. பாக்கெட்டுல வர்றது, கோதுமை, பால் எல்லாம் கட். 2019ல அவங்க வெளியிட்ட ஆய்வுல 97.5 சதவீதம் பிள்ளைங்க இத தாக்குப் பிடிச்சாங்க, முழு லிக்விட்ல 74 சதவீதம்தான், ஆறாவது வாரத்துல ரெமிஷன் கிட்டத்தட்ட ஒண்ணுதான். லேசானது முதல் நடுத்தரம் வரைக்கும் நோய் இருந்து, வீட்டுல ஒவ்வொரு வேளையும் பட்டியல் பார்த்து சமைக்க ஆள் இருந்தா இது அருமையான வழி. ஆள் இல்லன்னா, இல்ல புள்ள ஃபிரெண்ட்ஸோட வெளிய போனா கை நீளும்னா, முழு லிக்விட் தான் மனசுக்கு சுலபம். எத சாப்பிடலாம் எத கூடாதுன்னு யோசிக்கிற வேலையே இருக்காது, எதுவும் கிடையாது அவ்ளோதான்.

சாப்பாட்டு நேரத்துல குடும்பத்தோட உக்காரறதா எந்திரிச்சு போறதா, இதுக்கு பொது பதில் கிடையாது. முதல் வாரம் வாசமே தாங்காது, ரூமுக்கு போகட்டும். அப்புறம் தன் கப்போட வந்து உக்காரணும்னு தோணினா உக்காரட்டும். ஆனா புள்ளைக்கு தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடாதீங்க, கண்டுபிடிச்சா தன்னால வீடே கஷ்டப்படுதுன்னு நினைச்சு இன்னும் உடைஞ்சிடும். ஸ்கூல்ல ஒரு டீச்சர்கிட்டயும் ரெண்டு நெருங்கின ஃபிரெண்ட்ஸ்கிட்டயும் சொல்லி வச்சா போதும்.

எந்த வழி எடுத்தாலும் ரெண்டு வாரத்துல வயித்துவலி, பேதி குறையறது தெரியணும். தெரியலன்னா முட்டி மோதி தொடராம டாக்டரைப் பாருங்க, மருந்து மாத்த வேண்டி இருக்கலாம். ரொம்ப மெலிஞ்சு போன பிள்ளைன்னா ஆரம்பமே மெதுவா, ரத்தத்துல பாஸ்பேட்ங்கிற உப்போட அளவைப் பார்த்துக்கிட்டே, ஆஸ்பத்திரி கண்காணிப்புல நடக்கணும். முடிச்சு சாப்பாட்டுக்கு திரும்புறதும் டயட்டீஷியன் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா, ஃபார்முலாவைக் குறைச்சுக்கிட்டே, ஒண்ணுல இருந்து மூணு வாரம் வரைக்கும் எடுத்துக்கிட்டு. டயட் நடக்கும்போதே அடுத்து எந்த மருந்துல ரெமிஷனைப் பிடிச்சு வைக்கப் போறோம்னு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணிடுங்க, அசதயோப்ரின் மாதிரி மருந்துகள் முழுசா வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் பிடிக்கும்.