மாலத்தீவு சஃபாரி போட்: காட்டுவது ஒரு படகு, ஏற்றுவது வேறு படகு

மாலத்தீவில் சஃபாரி போட்டில் தங்கி ஸ்கூபா டைவிங் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். ஏஜென்ட் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும். ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். உங்களிடம் யாராவது இதே பாணியில் பேசினால் அடையாளம் தெரியும்.

சஃபாரி போட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஹுல்ஹுமாலேக்கு அருகில் பெரிய படகு நங்கூரம் போட்டு நிற்கும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதில். டேங்க், அதில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர், டைவ் சாமான் எல்லாம் கூடவே வரும் ஒரு தோணியில். நாளுக்கு மூன்று டைவ், நடுநடுவே ஒரு இரவு டைவ், அட்டோல் (பவளத் தீவுக் கூட்டம்) விட்டு அட்டோல் என்று ஒரு வாரம் ஓடும். ஒழுங்கான படகு என்றால் ஆளுக்கு 1,500 டாலருக்கு மேல் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் விழுந்த கதை இல்லை இது. சந்தை விலையை முழுசாக வாங்கிக்கொண்டுதான் செய்தார்கள்.

வாட்ஸ்ஆப்பில் வந்த பிடிஎஃப்பில் மூன்று அடுக்கு வெள்ளைப் படகு. மேல்தளத்தில் ஜக்கூஸி, அறைக்கு அறை பெரிய ஜன்னல். மாலேயில் போய் இறங்கி, சிறு படகில் ஏறிப் போனால் எதிரே நின்றது வேறு எதுவோ. பின்பக்கத்தில் பெயர் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது, ஆனால் தளத்தில் தொங்கிய உயிர்காக்கும் வளையத்தில் வேறு பெயர். ஏஜென்ட்டுக்கு அங்கிருந்தே போன் போட்டோம்.

“அண்ணா, அந்த போட் என்ஜின் சர்வீஸ்ல இருக்கு. இது அதோட சிஸ்டர் போட்ணா. எல்லாம் ஒண்ணுதான். நீங்க ஏறுங்க, நான் பாத்துக்கறேன்.”

ஏறமாட்டோம் என்று எங்களில் நான்கைந்து பேர் நின்றார்கள். ஏறாவிட்டால் ‘வராதவர்’ கணக்கு, ஒரு டாலர்கூடத் திரும்பாது என்று பதில் வந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் ‘குறிப்பிட்ட படகு அல்லது அதற்கு நிகரான படகு’ என்று ஒரு வரி இருந்ததும் அப்போது எடுத்துக் காட்டப்பட்டது. அந்த வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், அதில் தப்பில்லை. என்ஜின் நிஜமாகவே பழுதாகும். ஆனால் எது நிகர், நிகராக இல்லாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். படகின் பெயரும் பதிவு எண்ணும் ரசீதிலேயே இருக்க வேண்டும். உரிமம் பெற்ற படகுகளின் பட்டியல் மாலத்தீவு சுற்றுலா அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது, பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். படகு மாறினால் ‘புதுப் பெயர் என்ன, காட்டுங்கள்’ என்று கரையில் இருக்கும்போதே கேளுங்கள். நடுக்கடலுக்குப் போன பிறகு நாம் கோபித்துக்கொண்டு எங்கே இறங்கிப் போவது? அவர்கள் கணக்கே அதுதான்.

அறை கீழ்த்தளத்தில், ஜெனரேட்டரை ஒட்டி. ராத்திரி முழுக்கக் கட்டில் அதிரும். ஏசியில் தண்ணீர் சொட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பாதி வாரம் வேலை செய்யவில்லை, டைவ் முடித்து உப்பும் பிசுபிசுப்புமாகப் படுத்தோம். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம், அசௌகரியம்தான். விட முடியாதது அவசர வழி. கீழ்த்தள நடைபாதையின் கோடியில் மேலே ஏற ஒரு மூடி இருந்தது. அதற்கடியில் பழைய மெத்தைகள், மேலே உயிர்காப்புச் சட்டை மூட்டைகள். மூடியைத் திறக்க வேண்டுமானால் முதலில் அரை மணி நேரம் சாமான் ஒழிக்க வேண்டும். ராத்திரியில் சலூனில் எல்லாருடைய டார்ச், கேமரா பேட்டரிகளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், சோபா மேலேயே சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். காவலுக்கு ஆள் கிடையாது.

2019 செப்டம்பர் 2ஆம் தேதி கலிபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு அதிகாலையில் எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்துபோனார்கள். இரவில் சுற்றிவரும் காவல் இல்லாததால்தான் தீ கவனிக்கப்படாமல் வளர்ந்தது என்று அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது. மேலே வந்த இரண்டு வழிகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தன, அங்கேயே தீ. இதைக் கேப்டனிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் மூட்டைகளை நாங்களேதான் எடுத்து மேல்தளத்தில் வைத்தோம்.

சரி, கடலுக்கு வருவோம்.

திட்டத்தில் வாவு, தெற்கு அரி என்ற இரண்டு அட்டோல்களும் இருந்தன. தெற்கு அரியில் மாமிகிலிக்கு வெளியே உள்ள பவளப்பாறை ஓரம் திமிங்கலச் சுறா வருடம் முழுக்க வரும் இடம். எங்கள் குழுவில் பாதிப் பேர் அதற்காகவே பணம் கட்டியவர்கள். வடக்கு மாலே, தெற்கு மாலே, வாவு என்று சுற்றிவிட்டு, அரிக்குப் போகக் காற்று சரியில்லை என்றார்கள். பிப்ரவரி மாதம், வடகிழக்குப் பருவம், வழக்கமாகக் கடல் அமைதியாக இருக்கும் காலம். அன்றைக்கு ராத்திரி வாவுவில் அலிமதா ஜெட்டி அருகே இரவு டைவ். நர்ஸ் சுறாக்கள் கூட்டம் கூட்டமாக வரும் இடம் என்பதால் அங்கே எப்போதும் படகு நெரிசல். பக்கத்துப் படகின் கைடு அன்று காலைதான் அரியிலிருந்து கடந்து வந்ததாகவும், கடல் கண்ணாடி மாதிரி இருந்ததாகவும் சொன்னார். எங்கள் கைடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் படகு ஊழியர் ஒருவர் காதோடு சொன்னார்: வாவு வரை போய் வரத்தான் டீசல் போட்டிருக்கிறார்களாம்.

மூன்று டைவ் என்றது பல நாள் இரண்டாகச் சுருங்கியது. கம்ப்ரஸர் மக்கர்.

அந்தக் கம்ப்ரஸரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோணியில் காற்றை உள்ளிழுக்கும் குழாய், புகைபோக்கியிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது. பின்காற்று அடித்தால் புகை நேராக அதற்குள். ஒரு நாள் காலை டைவ் முடிந்து மேலே வந்ததும் மூன்று பேருக்குத் தலைவலி. வாயில் டீசல் ருசி. டேங்க் வால்வைத் திறந்து வெள்ளை டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் மஞ்சளாகக் கறை படிந்தது. எண்ணெய் இப்படிக் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். கூடவே வரும் கார்பன் மோனாக்ஸைடு தெரியாது. அதற்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட அதன் விஷமும் கூடும். கடைசியாகக் காற்றைப் பரிசோதித்த சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். ஆபீஸில் இருக்கிறது என்றார்கள். கயிறு கட்டிக் குழாயை மேலே தூக்கி நிறுத்திய பிறகுதான் அடுத்த டைவ் போனோம்.

நைட்ராக்ஸ் விஷயம் இதைவிட மோசம். நைட்ராக்ஸ் என்பது ஆக்ஸிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று. அதில் ஆக்ஸிஜன் 32 சதவீதம் என்று சொல்லித் தனியாகக் காசு வாங்கினார்கள். ஒவ்வொருவரும் தன் டேங்கைத் தானே, ஆக்ஸிஜன் அளவு காட்டும் அனலைசரில் சோதித்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எல்லாப் பயிற்சியிலும் முதல் பாடம். இங்கே பதிவேட்டில் எல்லார் பெயருக்கு நேராகவும் 32 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“எல்லாம் செக் பண்ணியாச்சு சார், சைன் பண்ணுங்க போதும்” என்றார் கைடு.

அனலைசரைக் கொடுங்கள் என்றேன். தேடி எடுத்து வந்தார். என் டேங்கில் வைத்தால் 37.8. சென்சார் பழசு சார் என்றார். சரி, வெறும் காற்றில் காட்டுங்கள் என்றேன். சாதாரணக் காற்றுக்குரிய 20.9இல் ஆடாமல் நின்றது. மறுபடி டேங்கில் வைத்தால் 37.7. 32 என்று நம்பி 30 மீட்டர் இறங்கினால் ஆக்ஸிஜன் அழுத்தம் 1.28 பார், கவலை இல்லை. 37.8க்கு அதே ஆழத்தில் 1.5ஐத் தாண்டும். 1.4தான் எல்லாரும் சொல்லும் எல்லை. அதைத் தாண்டினால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வலிப்பு வரலாம், தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடும். அன்றைக்கு எங்கள் டைவ் வாவுவில் ஒரு கால்வாய் முகப்பு. அங்கே சுறா பார்க்க 30 மீட்டர் விளிம்பில்தான் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், 30தான் அந்த நாட்டின் சட்ட எல்லையும். இரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டேங்க்குகளையும் இழுத்துவந்து சோதித்தோம். ஒன்று 36, இன்னொன்று 29. எல்லாவற்றிலும் 32 என்றுதான் டேப் ஒட்டியிருந்தது.

அதற்கப்புறம் நான் சாதாரணக் காற்றுதான் எடுத்தேன். நைட்ராக்ஸுக்குக் கட்டிய காசு திரும்பவில்லை, கைடும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்த அனலைசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துப் போங்கள். இல்லாதவர்கள், அவர்களுடையதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

அவசர ஆக்ஸிஜன் பெட்டியையும் அன்றே திறக்கச் சொன்னேன். சிலிண்டரின் முள் பூஜ்ஜியத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. மாலேயில் நிரப்புவோம் என்றார்கள். டைவ் முடித்தவருக்கு மூட்டுவலி, மரத்துப்போதல் என்று ஏதாவது வந்தால், மாலே பக்கத்தில் பண்டோஸ் தீவில் அழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது. ஆனால் வாவுவிலிருந்து அங்கே போய்ச் சேரும் வரை ஆளைக் காப்பது அந்தச் சிலிண்டர்தான்.

கடைசி நாள் தமாஷைக் கேளுங்கள். தவறவிட்ட டைவ்களை ஈடுகட்டுகிறோம் என்று, மாலை விமானம் உள்ளவர்களையும் சேர்த்துக் காலையில் இரண்டு டைவ் போட்டுக் கொடுத்தார்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது நடைமுறை. 24 விட்டால் இன்னும் நல்லது. வேண்டாம் என்று நாங்கள் தளத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். பிறகு ‘டைவ் கொடுத்தோம், அவர்கள்தான் வரவில்லை’ என்று அதையே பதிலாக எழுதி அனுப்பினார்கள்!

மதியம் பில் வந்தது. பாஸ்போர்ட்டுகள் ‘பதிவுக்காக’ முதல் நாளே கேப்டனிடம் போயிருந்தன, பில் கட்டினால்தான் கைக்கு வரும். பசுமை வரி: 2025 ஜனவரியிலிருந்து சஃபாரி போட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், அது நிஜமான வரிதான். ஆனால் எங்கள் பேக்கேஜ் ரசீதிலேயே அது தனி வரியாக ஏற்கெனவே இருந்தது. இங்கே இன்னொரு தடவை. புறப்பாட்டு வரி என்று ஒன்று, விமான டிக்கெட்டிலேயே பிடித்துவிடும் வரி அது. டீசல் விலை உயர்வுக் கட்டணம். போகாத அரிக்கு டீசல்! கார்டில் கட்டினால் கூடுதல் 5 சதவீதம். கடைசியில் ‘கட்டாய அன்பளிப்பு’. ரசீதைக் காட்டிச் சண்டை போட்டதில் பசுமை வரியும் புறப்பாட்டு வரியும் பில்லிலிருந்து நீக்கப்பட்டன. மற்றதைக் கட்டித்தான் பாஸ்போர்ட்டை வாங்கினோம்.

ஊழியர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சமையல்காரர் பங்களாதேஷ்க்காரர், டூனா குழம்பு வைத்தால் பாத்திரம் வழித்துத்தான் எழுவோம். அவர்களுக்கே சம்பளம் பாக்கியாம். அன்பளிப்புப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்ததால், தனியாக அவரவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊர் திரும்பியதும் வழக்கமான பந்தாட்டம். ஏஜென்ட் படகு முதலாளியைக் கைகாட்டுகிறார், முதலாளி ஏஜென்ட்டைக் கைகாட்டுகிறார். நடுவில் பெருந்தன்மையாக ஒரு கூப்பன்: அடுத்த பயணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி. முன்பணத்தை நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் டிஸ்ப்யூட் போட்டேன். பிடிஎஃப்பில் உள்ள படகின் படம், ஏறிய படகின் படம், இரண்டு பெயர்கள், அனலைசர் எண்ணோடு எடுத்த வீடியோ எல்லாவற்றையும் இணைத்ததால் அந்தத் தொகை திரும்பிவிட்டது. மீதியை ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது இன்னும் வரவில்லை. கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். இதே ஏஜென்ட் என் நண்பர் ஒருவருக்கு அனுப்பிய திட்டத்தில் ‘பிப்ரவரி, பா அட்டோல், ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகளோடு ஸ்கூபா’ என்று இருக்கிறது. ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கே தடை, நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங் மட்டும்தான். மான்டாக்கள் அங்கே கூடுவதும் தென்மேற்குப் பருவத்தில்தான். கடலைத் தெரிந்தவர் இப்படி எழுதமாட்டார்.

இப்போது மீதித் தொகைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இதே மாதிரி படகு மாற்றி ஏற்றப்பட்டவர்கள் இருந்தால் ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், படங்கள் எதையும் அழித்துவிடாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஆள் அதே ஆள்தான் என்றால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு போடலாம்.