நீர்வர்ணமா, டெப்பா: ஒரு நண்டு மாறிய கதை

படப்புத்தகம் செய்கிறேன் என்றால் மட்டக்களப்பில் முதலில் வருகிற கேள்வி, "நீர்வர்ணத்தில கீறுறீங்களா, டெப்பிலயா?" என்பதுதான். டெப் என்றால் விரலாலோ பேனையாலோ கீறுகிற தொடுதிரைப் பலகை. நான் இரண்டிலும் கீறியிருக்கிறேன். எது அழகு என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பாட்டு மாறும்போது எது தாங்கும் என்று பார்க்க வேண்டும். சிறுவர் பாட்டு கடைசி நாள்வரை மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். வாவிக் கரை, கண்டல் மரம்:

கண்டல் வேரில் நண்டு ஏறும்
கண்டு விட்டால் வளைக்குள் ஓடும்

எதுகை தானாக விழுந்ததில் எனக்குப் பெருமை. வரிக்கு நாலு தட்டு. பிழை திருத்தித் தந்த வாத்தியார் 'நண்டேறும்' என்று சேர்த்துவிட்டார். அவர் செய்தது சரிதான், உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் நிற்காது. ஆனால் ஆறு வயது மருமகள் கைதட்டி வாசித்துக்கொண்டு வந்தவள், முதல் வரி முடிவில் இரண்டு கையையும் அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டாள். "மாமா, ஒரு தட்டு மிஞ்சுது." பிரித்தால் வாத்தியார் விடமாட்டார், சேர்த்தால் மருமகள் விடமாட்டாள். சொல்லையே மாற்றினேன்: 'நண்டு பார்க்கும்'. தட்டு நாலாயிற்று.

பாட்டுச் சரி. ஆனால் படத்தில் நண்டு இன்னும் வேரில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பக்கத்தை நீர்வர்ணத்தில் முடித்திருந்தேன். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். நண்டு இருந்த இடத்தை மூடி மறைக்க முடியாது, கழுவினால் கறை நிற்கும். தடித்த 300 கிராம் தாள், வேர்கள், தண்ணீரில் அவற்றின் நிழல் எல்லாம் திரும்பவும். இரண்டு பின்னேரம் போனது. அதுவும் மாரி காலம். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கத்துக் காற்றில் முதல் பூச்சு காயவே காயாது. அவசரப்பட்டு அடுத்ததைப் பூசினால் ஊறிப் பரவும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: வானத்தின் ஒரு பாதியைப் பூசி மற்றப் பாதிக்குப் போவதற்குள் நடுவில் கோடு விழுந்துவிடும்.

டெப்பில் நண்டு தனி லேயர், மற்றப் படத்தைத் தொடாத தனி அடுக்கு. திருப்பி, கண்ணை மட்டும் புதிதாகக் கீறினால் பத்து நிமிட வேலை. செலவு என்று பயப்படுகிறவர்களுக்கு, கணினியில் கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருள் இலவசம். ஆனால் தொடக்கத்திலேயே அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ4 பக்கம் அச்சில் தெளிவாக வர 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். சிறிதாகக் கீறிவிட்டுப் பிறகு பெருப்பித்தால் நண்டு பஞ்சுபோல் மங்கும்.

நிறத்தில் இரண்டுமே ஏமாற்றும். திரையில் தெரிவது வெளிச்சம், அச்சில் வருவது நாலு மை. கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கிற அந்த நீலப்பச்சை டெப்பில் மின்னும், தாளில் சாம்பல் பூத்துவிடும். நீர்வர்ணத்தின் மெல்லிய பூச்சுகளோ ஸ்கேனரில் பாதி காணாமல் போகும். ஆகவே முழுப் புத்தகத்தையும் கீறுமுன் ஒரு பக்கத்தை அச்சகத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆனாலும் வாவியை மட்டும் டெப்பில் கீற எனக்கு மனம் வருவதில்லை. அதன் தூரிகை சொன்னதை மட்டும் செய்யும், தண்ணீர் தன்பாட்டில் எதையாவது செய்யும். அதனால் இப்போது வானம், தண்ணீர், சேறு எல்லாம் நீர்வர்ணத்தில் கீறி ஸ்கேன் பண்ணுகிறேன். நண்டு, கொக்கு, ஆட்கள், அதாவது பாட்டு மாறினால் மாறக்கூடியவை எல்லாம் டெப்பில். மருதமுனைக் கைத்தறித் துண்டுகளைக் கத்தரித்து ஒட்டியும் பார்த்தேன். தோணிப் பாய்க்கு நன்றாக இருந்தது, முகத்துக்குச் சரிவரவில்லை.

அப்புறம், பாட்டா வசனமா? எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குச் சின்ன வசனம்தான் சுகம். யாரோ வாசிக்கக் கேட்கிற பிள்ளைக்குப் பாட்டு. நான் பாட்டின் பக்கம். எங்கள் ஊர்க் காதுக்கு வசந்தன் ஆட்டத்தில் கோல் அடிக்கிற இடம் தெரியும், தாளம் தப்பினால் எழுத்துத் தெரியாத அம்மம்மாவே பிடித்துவிடுவா. ஆனால் பாட்டுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. தாள்களை மடித்து நடுவில் கம்பிப் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும், குறையும். வசனத்தை இரண்டு பக்கத்துக்கு நீட்டலாம். பாட்டை நீட்டினால் பிள்ளை கொட்டாவி விடும்.

'மறுகா' என்ற எங்கள் ஊர்ச் சொல்லை ஒரு வரியில் அப்படியே விட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளங்குமா என்று கேட்டார்கள். 'பிறகு' என்றால் தட்டு சரியாகத்தான் விழுகிறது. ஆனால் அது எங்கள் வீட்டுப் பிள்ளை வாயில் வராத சொல், மாற்றவில்லை.

பழைய நண்டை எறியவில்லை. அட்டையில் பாட்டு இல்லை, தட்டும் இல்லை. அங்கே நண்டு வேரில் ஏறிக்கொண்டிருக்கிறது, முழுக்க நீர்வர்ணத்தில்.