மருத்துவரின் குரலுக்கு முன் கேட்ட குரல்

லண்டனில் நாங்கள் பதிவு செய்திருக்கும் குடும்ப மருத்துவர் நிலையத்தைப் பற்றி எழுதும்போது, மருத்துவர்களுக்கு முன்பாக வரவேற்பாளர்களையே குறிப்பிட வேண்டும். 2020 மார்ச்சில், கொரோனா பரவலின்போது, நோயாளிகளைத் தொலைபேசியிலோ இணையத்திலோ விசாரித்த பிறகே நேரில் அழைக்குமாறு இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை அறிவுறுத்தியதும், யாருக்கு அவசரம் என்பதை அறியும் முதல் கேள்விகளைக் கேட்கும் சுமை இவர்கள் மீது விழுந்தது. காலை 8 மணிக்கு அழைத்து 40 நிமிடம் காத்திருந்தது வேதனைதான்; ஆயினும், நான் தடுமாறிச் சொன்னதிலிருந்தே அம்மாவின் மூச்சுத்திணறலைப் புரிந்துகொண்டு, உடனடியாக மருத்துவரைப் பேசவைத்தவர் ஒரு வரவேற்பாளர்தான். டிசம்பரில் தடுப்பூசி வந்தபோது, 80 வயதைக் கடந்த, ஆங்கிலம் அறியாத அம்மாவுக்காக என்னை அழைத்து நேரத்தை இருமுறை உறுதிசெய்தார்கள். தொலைபேசி வரிசை மட்டும் இன்னும் சீராகவில்லை.