ட்ரீஸ்டே ஐசிடிபி: தங்கச் செலவில்லை, டிக்கெட்டுக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்

பரிமாற்று இயற்கணிதத்தில் (பெருக்கும் வரிசை மாறினாலும் விடை மாறாத ‘வளையங்கள்’ என்ற எண் அமைப்புகளைப் பற்றிய கணிதம்) ஆய்வு செய்யும் இளையவர்கள், இத்தாலியின் ட்ரீஸ்டே நகரில் உள்ள ஐசிடிபி (சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம்) நடத்தும் பயிற்சிப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தயங்காமல் போடுங்கள். ஆனால் விமானக் கட்டணத்துக்கான ஏற்பாட்டையும் அன்றே தொடங்கிவிடுங்கள்.

பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய மையம் இது. லாகூரில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஆய்வு செய்வது முடியாமல் 1954இல் ஊரைவிட்டுப் போனவர் அவர். தன்னைப் போன்றவர்கள் நாட்டைத் துறக்காமலே ஆய்வைத் தொடர ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். பெயரில் இயற்பியல் இருந்தாலும் கணிதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. பணத்தில் பெரும்பங்கு இத்தாலி அரசுடையது. யுனெஸ்கோவும் சர்வதேச அணுசக்தி முகமையும் துணை நிற்கின்றன.

பதிவுக் கட்டணம் கிடையாது. வளரும் நாடுகளிலிருந்து தேர்வாகிறவர்களில் பலருக்குத் தங்குமிடச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் மையமே ஏற்கிறது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. டிக்கெட் பணத்தை நம் ஊர் என்பிஹெச்எம் (தேசிய உயர்கணித வாரியம்) கொடுத்தது. கடற்கரையை ஒட்டிய அட்ரியாட்டிகோ விடுதியில் அறை. அங்கிருந்து மிராமரே பூங்கா வழியே மேலேறினால் பிரதானக் கட்டடம். அறைக்கு வாடகை எவ்வளவு, மதியம் எதைத் தவிர்த்தால் காசு மிச்சமாகும் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் கணக்கு மட்டும் போட முடிந்தது. வேறொரு மாநாட்டில் முதலில் கையிலிருந்து கட்டச் சொல்லிவிட்டுப் பல மாதம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்கள். ஆய்வு உதவித்தொகையில் ஓடும் குடும்பத்துக்கு அது பெரிய அடி.

காலையில் விரிவுரை, மதியத்துக்கு மேல் பயிற்சி வகுப்பு. இந்தப் பயிற்சி வகுப்புக்காகவே போகலாம். ஒருநாள் ஹில்பர்ட்–குன்ஸ் பெருக்கெண் பற்றிய பயிற்சி; ஒரு வளையம் எவ்வளவு கோணலானது என்று அளக்கும் எண் அது. xy = z² என்ற சமன்பாடு தரும் வளையத்துக்கு விடை 3/2 என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். செனகலின் டக்காரிலிருந்து வந்த மாணவி ஒருவர் எழுந்துபோய்க் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தார், பக்கம் 2q (q என்பது ஒரு பகா எண்ணின் அடுக்கு). மேல் வலது மூலையில் q பக்கமுள்ள சிறு சதுரத்தை அழித்தார். மிச்சம் 3q² புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் s, t என்ற இரு மாறிகளின் அடுக்குகளைக் குறிக்கும். x, y, z மூன்றையும் s², t², st என்று எழுதியிருப்பதால் அடுக்குகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்கும் புள்ளிகள் மட்டும்தான் நமக்கு வேண்டும், அதாவது பாதி. அதை q²ஆல் வகுத்தால், அவ்வளவுதான், 3/2! பல ஆண்டுகளாகக் கட்டுரைகளில் பார்த்துப் பழகிய எண், எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். அப்புறம் இருவரும் இரவு உணவு வரை மக்காலே2 என்ற இயற்கணித மென்பொருளில் அடுத்தடுத்த வளையங்களைப் போட்டுப் பார்த்தோம்.

சாப்பாடு பரவாயில்லை. சைவக்காரர்களுக்குப் பாஸ்தாவும் சாலடும்தான் திரும்பத் திரும்ப வரும். காபி அருமை, இல்லி காபியின் ஊராயிற்றே.

குறை என்று நான் சொல்வது டிக்கெட் பணத்தைத்தான். பயண உதவி சிலருக்கு மட்டுமே கிடைக்கும், முடிந்தவரை சொந்த நிறுவனத்திடமே கேளுங்கள் என்கிறார்கள். இந்தியாவில் நமக்குக் கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத நாடுகளில் தேர்வுக் கடிதம் கையில் இருந்தும் வர முடியாமல் போகிறவர்கள் இருப்பார்கள். அழைக்கும் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தாவது அவர்களுக்கு முழு டிக்கெட் தர வேண்டும் என்பேன். அந்த மாணவி வராமல் போயிருந்தால் எனக்கு அந்தச் சதுரம் கிடைத்திருக்காது.

விண்ணப்பத்தில், படிக்கும் தலைப்பை மட்டும் எழுதாமல், இப்போது எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதையும் நாலு வரி எழுதுங்கள். தேர்வுக் கடிதம் வந்ததும் ஷெங்கன் விசாவுக்கு நாள் வாங்கிவிடுங்கள்; கோடையில் எளிதில் கிடைக்காது.