"விதையில் வளர்த்தது" என்று விற்கப்படும் கோல்ஃப் பந்துக் கள்ளி: பணம் கட்டுமுன் வேரைக் கேளுங்கள்

மாமில்லேரியா ஹெரேரே என்னும் குட்டிக் கள்ளியை இணையத்தில் வாங்க எண்ணுபவர்கள், பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் 4,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்தேன்.

மெக்சிகோவின் கெரேத்தாரோ மாநிலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில், மிகக் குறுகிய பரப்பில் வளரும் இச்செடி, முதிர்ந்த பின்னும் மூன்று சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டுவது அரிது. முட்கள் முளைக்கும் ஒவ்வொரு முள்மேட்டிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்முட்கள் கிளம்பி, அடியிலுள்ள பச்சையே தெரியாதபடி உடலோடு படிந்து மூடிவிடுவதால், பார்ப்பதற்கு அசல் கோல்ஃப் பந்துதான். அந்த அழகே அதற்கு வினையாயிற்று. சேகரிப்பவர்களுக்காகக் கணக்கின்றித் தோண்டியெடுக்கப்பட்டதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) செம்பட்டியலில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக இது இடம்பெற்றுள்ளது.

"விதையில் வளர்த்தது, ஐந்து வயது" என்று விற்பனையாளர் உறுதியளித்திருந்தார். வந்த பெட்டியில், செய்தித்தாளில் சுற்றிய செடி மண்ணின்றி இருந்தது. வேரைக் கழுவி அனுப்புவது இத்தொழிலில் வழக்கம் என்பதால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் இதன் வேர்கள் கத்தியால் சீவியதுபோல் ஒரே மட்டத்தில் அறுபட்டிருந்தன. அடிப்பகுதி மரப்பட்டைபோல் பழுப்பேறியிருந்தது. ஒரு பக்கத்து முட்கள் தேய்ந்து உதிர்ந்திருக்க, மறுபக்கத்து முட்களின் இடுக்கில் வெள்ளைச் சுண்ணாம்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தொட்டியில் ஒரே சீரான வெயிலும் நீரும் பெற்று வளர்ந்த ஐந்து வயதுச் செடி இப்படிக் கோணலாகவும் தழும்பேறியும் இருப்பதற்கு வாய்ப்பில்லை. இது குன்றிலிருந்து பெயர்த்தெடுத்த செடி என்பதே என் முடிவு.

நாற்றுத் தட்டின் படத்தையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி பெறும் அனுமதியின் நகலையும் விற்பனையாளரிடம் கேட்டேன். "சின்னச் செடிக்கு அதெல்லாம் எதற்கு சார்?" என்று பதில் வந்தது. ஏறக்குறைய எல்லாக் கள்ளியினங்களும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலாவது உள்ளவை என்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் செடி எவ்வளவு சிறியதானாலும் அந்த அனுமதியும், நோயோ பூச்சியோ இல்லை என்னும் தாவர நலச் சான்றும் வேண்டும் என்று எழுதினேன். நான் இட்ட எதிர்மறை மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னவர், நான் மறுத்ததும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறதே என்ற ஆசையில், இக்கேள்விகளை முன்பே கேட்காமல் விட்டது என் தவறு.

வாங்கத்தான் வேண்டுமென்றால், வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டிய செடியையே கேளுங்கள். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியும்; குன்றில் சொந்த வேரில் நின்ற செடியில் அது இருக்காது. சொந்த வேரில் நிற்கும் செடி என்றால், அன்றைய தேதி எழுதிய தாளின்மேல் அதைக் கவிழ்த்து வைத்து, அடியும் வேரும் தெரியும்படி எடுத்த படத்தைப் பெறாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

என்னிடம் வந்த செடி புது வேர் விடவேயில்லை. ஆறாவது வாரம் விரலால் தொட்டபோது, முட்கூடு மட்டும் வெள்ளையாக நிற்க, உள்ளே சதை கூழாகியிருந்தது. அதே படத்துடன் அந்த விளம்பரம் நேற்றும் வெளியாகியிருந்தது.