ஜோடி மெழுகுவத்தித் தாங்கி: கடைசலா, சதுரக் கட்டையா, சிமென்ட் வார்ப்பா?

ஒற்றைத் தாங்கி செய்வது ஒரு வேலை, ஜோடி செய்வது வேறு வேலை. ஒன்று மட்டும் என்றால் கை போன போக்கில் உருவம் எடுக்கலாம். வளைவு அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றதும் முதலாவது அளவுகோலாகிவிடுகிறது. பண்டிகை மேசையில் ஓரடி இடைவெளியில் இரண்டும் நிற்கும்போது உயரத்தில் 2 மி.மீ. கூடுதல் குறைவு இருந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். பட்டறையில் இதற்கு உட்காருகிறவர் எந்த முறை அழகு என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த முறையில் இரண்டாவது முதலாவதைப் போலவே வரும் என்று யோசிக்க வேண்டும்.

போட்டியில் நிற்பவை மூன்று. லேத்தில் கடைந்த மரம், லேத் இல்லாமல் சரிவாக அறுத்த சதுரக் கட்டை, சிமென்ட் வார்ப்பு. என் ஓட்டு சதுரக் கட்டைக்கு. கடைசலைவிட அது அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இரண்டும் ஒன்றாக இருப்பது கைத்திறமையால் வருவதில்லை, அறுக்கும் வாளின் அமைப்பிலிருந்தே வந்துவிடுகிறது.

முதலில் எல்லா மரத் தாங்கிக்கும் பொதுவான ஒன்று, குழி. மேல்நோக்கி மெலிந்து உயரும் மேசை மெழுகுவத்திகளின் அடிவிட்டம் பெரும்பாலும் 22 மி.மீ. அளவில் இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். வெறும் மரத்தில் குழி போட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகுகிறது, அதனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கவனிக்காமல் விட்ட வத்தி கடைசிவரை எரிந்து திரி குழிக்குள் சாய்ந்தால் மரம் கருகும், எரியவும் செய்யும். பித்தளைக் கிண்ணம் ஒன்று உள்ளே இறங்கியே ஆக வேண்டும். கிண்ணத்தைக் கையில் வாங்கி, வெளிவிட்டத்தைக் காலிப்பரால் அளந்த பிறகுதான் டிரில் பிட் எது என்று முடிவு செய்ய வேண்டும். கீழே நான் கொடுக்கும் அளவுகள் 25 மி.மீ. குழி கேட்கும் கிண்ணத்துக்கு. உங்கள் கிண்ணம் வேறு அளவு என்றால் குழியை மாற்றுங்கள், கிண்ணத்தை ராவ வேண்டாம்.

இனி சதுரக் கட்டை. 54 மி.மீ. சதுரத்தில் 460 மி.மீ. நீளம் உள்ள ஒரே கட்டை போதும், இரண்டு தண்டும் அதிலிருந்தே வரும். தேக்கு, மா என எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சை மரத்தில் போட்ட வட்டக் குழி இரண்டு மாதத்தில் நீள்வட்டமாகிக் கிண்ணத்தை நெரிக்கும்.

கட்டையை நடுவில் அறுத்து 230 மி.மீ. துண்டுகள் இரண்டாக்குங்கள். அறுத்த இடத்திலேயே இரண்டு துண்டுக்கும் "தலை" என்று பென்சிலால் குறியுங்கள். மரத்தில் அடுத்தடுத்து இருந்த இடம் என்பதால் வெளிச்சம் விழும் மேல்பகுதியில் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும். இதற்குச் செலவு ஒரு பென்சில் கோடு. ஜோடி என்று பார்த்தவுடன் தோன்றுவதற்கு இதுவே பாதிக் காரணம்.

தலைமுகத்தில் போடும் குழியை இப்போதே, கட்டை சதுரமாக இருக்கும்போதே போட வேண்டும். சரிவு எடுத்த பிறகு அதை நேராகப் பிடிக்க வழியே இல்லை. டிரில் ஸ்டாண்டில் நிமிர்த்திக் கிளாம்ப் போட்டு, இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (அடி தட்டையான குழி போடும் பிட்) கிண்ணத்தின் ஆழத்தைவிட 2 மி.மீ. கூடுதலாக இறக்குங்கள். வெட்டுமுகத்தில் இறங்கும் பிட் சீக்கிரம் சூடாகும். வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றை ஒட்டி இருக்கட்டும், 5 மி.மீ.க்கு ஒருமுறை மேலே தூக்கித் தூளை வெளியேற்றுங்கள். புகை வாசம் வந்தால் பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மேலும் அழுத்தினால் குழி கோணும்.

54 மி.மீ. எதற்கு என்றால், குழி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டாலும் பிழைக்கலாம். குழியின் விளிம்பிலிருந்து நாலு பக்கமும் 12.5 மி.மீ. அளந்து கோடு போட்டு, அந்தக் கோடுவரை இழைத்தால் 50 மி.மீ. சதுரத்தின் நடு மையத்தில் குழி வந்துவிடும். குழி மரத்தின் நடுவில் இல்லாவிட்டால், மரத்தைக் குழியின் நடுவுக்குக் கொண்டுவருகிறோம்.

சரிவுதான் இந்த வேலையின் உயிர். அடியில் 50 மி.மீ., தலையில் 38 மி.மீ. அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பக்கம் 6 மி.மீ. போக வேண்டும். குழியைச் சுற்றி 6.5 மி.மீ. சுவர் மிஞ்சும், அதற்குக் குறைய விடாதீர்கள். தண்டுகளை முதலில் மிகச்சரியாக 200 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். தலைமுகத்தை ஒரு தடுப்பில் முட்டவைத்து, அடிப்பக்கத்தில் ஒரே அமைப்பில் இரண்டையும் அறுக்க வேண்டும். பிறகு வட்ட வாள் மேசையில் நேராக ஓடும் ஒரு பலகை. அதன் மேல் தண்டைக் கிடத்தி, பின்னால் ஒரு தடுப்பு, பக்கவாட்டில் ஒரு சட்டம். சட்டத்துக்கும் தண்டின் தலைக்கும் இடையில் 6 மி.மீ. கனமுள்ள மரச் சில்லு ஒன்றை வைத்தால் தலை அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். அந்த 6 மி.மீ.யை வாள் சரிவாக வாங்கிவிடும். தண்டை மேலிருந்து கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், 200 மி.மீ. துண்டை விரலால் பிடித்து வாளருகே கொண்டுபோகவே கூடாது.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு 6 மி.மீ. சில்லு சரி. எதிர்ப்பக்கங்களை அறுக்கும்போது சட்டத்தில் சாய்ந்திருப்பது ஏற்கெனவே சரிந்த முகம். அங்கே அதே 6 மி.மீ. வைத்தால் தண்டு வாளுக்கு இணையாகத்தான் நிற்கும், சரிவே வராது. சில்லு இரட்டிப்பாக வேண்டும், 12 மி.மீ. ஆகவே வரிசை இப்படி: 6 மி.மீ. சில்லோடு இரண்டு தண்டிலும் இரண்டு இரண்டு பக்கம், மொத்தம் நாலு வெட்டு. அதன் பிறகுதான் 12 மி.மீ. சில்லு, மறுபடியும் நாலு வெட்டு. ஒரு தண்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் சில்லை மாற்றி மாற்றி வைக்க நேரும், ஒவ்வொரு மாற்றத்திலும் அரை மில்லிமீட்டர் நழுவும். இந்த வரிசையில் செய்தால் தவறே நடந்தாலும் இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கும். ஜோடிக்கு அது தவறே இல்லை.

வாள் இல்லாதவர்கள் கோடு போட்டு இழைப்புளியால் எடுக்கலாம். மரத்தின் ரேகை தலைப்பக்கம் மெலியும் சரிவோடு இறங்குவதால், அடியிலிருந்து தலையை நோக்கித்தான் இழைக்க வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் பிய்யும்.

அடிப்பலகை 100 மி.மீ. சதுரம், 22 மி.மீ. கனம். தண்டின் அடிமுகத்தில் 30 மி.மீ. ஆழமும் பலகையில் 18 மி.மீ. ஆழமும் துளையிட்டு, 20 மி.மீ. உருண்டைக் குச்சியை மரப்பசையோடு இறக்கினால் போதும். குச்சியின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் கீறுங்கள். இல்லாவிட்டால் அடைபட்ட காற்றும் பசையும் தண்டை மேலே தள்ளும், காலையில் பார்த்தால் ஒன்று 1 மி.மீ. தூக்கலாக ஒட்டியிருக்கும். தாங்கியும் வத்தியும் சேர்ந்து 45 செ.மீ. உயரத்துக்கு வரும் என்பதால், பலகையின் அடியில் நாலு மூலையை ஒட்டி அதே 25 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழக் குழிகள் போட்டு, இரும்பு வாஷர்களை எபாக்ஸிப் பசையில் அடைத்துவிடுங்கள். அந்த எடை கீழே இருந்தால் மேசைவிரிப்பை யாராவது இழுத்தாலும் உடனே சாயாது.

கடைசலுக்கு வருவோம். உருட்டு வடிவம், மணி (உருண்டைப் புடைப்பு), குழிவு, கழுத்து என்று லேத் தருகிற அழகைச் சதுரக் கட்டை தராது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழி மையத்தில் வருவதும் அங்கே சுலபம். முதலில் குழியைத் துளைத்து, அந்தக் குழியிலேயே வால்பக்கக் கூம்பு மையத்தை முட்டவைத்துக் கடைந்தால், வெளிவட்டம் தானாகவே குழியைச் சுற்றி அமையும். 50 மி.மீ. கட்டைக்கு நிமிடத்துக்கு 1,200 முதல் 1,800 சுற்று வேகம் ஒத்துவரும்.

சிக்கல் இரண்டாவது தண்டில். மணிகளின் இடங்களைக் குறித்த மெல்லிய மட்டை ஒன்றும் ஒவ்வோர் இடத்துக்கும் அமைத்த காலிப்பரும் இருந்தால் விட்டங்கள் ஏறக்குறைய வந்துவிடும். விட்டத்தில் 1 மி.மீ. வித்தியாசத்தை ஓரடி தள்ளி நிற்கும் ஜோடியில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மணி 2 மி.மீ. மேலே ஏறியிருந்தால் இரண்டு தாங்கிக்கும் குறுக்கே ஓடும் கண் அதில் தடுக்கும். உளி ஒருமுறை வழுக்கினால் அந்த மணியைச் சின்னதாக்கித்தான் சரிசெய்ய முடியும். அப்புறம் முடித்து வைத்த முதலாவதையும் திரும்ப ஏற்றிக் குறைக்க வேண்டும். உப்புத்தாளும் தன் பங்குக்குக் கூர்விளிம்பைத் தின்றுவிடும், ஒன்றில் கூடுதலாகத் தேய்த்தால் மணி மொழுக்கென்று ஆகிவிடும். பழகிய கடைசல்காரருக்கு இதெல்லாம் ஒரு மாலை வேலை. லேத்தில் புதியவர், பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் ஜோடிக்கு மூன்று கட்டை கடைந்து, ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி.

சிமென்ட் வார்ப்பு வடிவத்தில் யாரையும் ஏமாற்றாது, ஒரே அச்சு ஒரே உருவம். எடையும் அதிகம், சாயாது, தீப்பிடிக்காது. ஒன்றுக்கு இரண்டு என்று சிமென்டும் சலித்த மணலும், சிமென்டின் எடையில் பாதிக்குக் குறைவான தண்ணீர், உள்ளே எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் குழாய் அச்சு. ஊற்றிய பின் அச்சைச் சுற்றித் தட்டினால் காற்றுக்குமிழி மேலே வரும். குழிக்கு மரக்குச்சி வைக்காதீர்கள், ஈரத்தில் ஊதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். கையுறை கட்டாயம், ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும். ஒரு நாளில் அச்சைக் கழற்றலாம், ஒரு வாரமாவது ஈரத்துணி சுற்றி வைக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே அச்சில் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று ஊற்றினால் தண்ணீர் கொஞ்சம் முன்பின்னாகி, ஒன்று வெளிர் சாம்பல், மற்றது அடர் சாம்பல் என்று காயும். அச்சு இரண்டு செய்து, ஒரே கலவையிலிருந்து ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். பராமரிப்பிலும் சிமென்ட் பின்தங்குகிறது. நுண்துளைகளுக்குள் இறங்கிய மெழுகு எண்ணெய்க்கறை போல நிற்கும், சுரண்டினாலும் முழுதாகப் போகாது.

சுடுமண்ணில் என் பழக்கம் குறைவு, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் களிமண் பத்து சதவீதம் அளவுக்குச் சுருங்குவது சாதாரணம். 22 மி.மீ. குழி வேண்டுமானால் ஈரத்தில் 25 மி.மீ.யை ஒட்டிப் போட வேண்டும், உங்கள் மண்ணின் சுருக்கத்தை ஒரு பட்டை செய்து சுட்டு முதலில் அளந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே அளவு சுருங்கும் என்று நம்பி ஜோடிக்கு இறங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மரத்துக்கு மெருகு ஏற்றும்போது அரக்குப் பாலிஷைத் தவிர்க்கலாம். வெளிச்சத்தில் அழகாகத் தெரியும், ஆனால் சூட்டில் இளகும், சொட்டிய மெழுகு அதில் ஒட்டிக்கொண்டு வரும்போது பாலிஷையும் சேர்த்து உரித்துவிடும். 120, 180, 240 எண் உப்புத்தாள் போட்டு, மெல்லிய பூச்சாக மூன்று முறை ஆளிவிதை எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாளாவது காய விட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கிண்ணத்தைப் பசையால் ஒட்டாமல், அடியில் ஒரு சிறு பித்தளைத் திருகால் மட்டும் பிடித்து வையுங்கள். மெழுகு நிறைந்ததும் கழற்றி, சுடுநீரில் போட்டால் மெழுகு மிதந்து வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைக்கும், ஆறவிட்டு மேலே படிந்ததை எடுத்த பிறகு கொட்டுங்கள். மரத்தின் மேல் சொட்டியதை ஐஸ்கட்டியால் இறுகவைத்து நகத்தால் பெயர்த்தால் போதும், கத்தி வேண்டாம். வத்தி கிண்ணத்தில் ஆடினால் அடியைச் சுடுநீரில் அரை நிமிடம் நனைத்து, இளகியதும் அழுத்தி நிறுத்துங்கள். ஏற்றும் முன் இரண்டையும் எட்டடி தள்ளி நின்று பாருங்கள். ஒன்று சாய்வாகத் தெரிந்தால் முதலில் வத்தியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பல நேரம் கோணல் தண்டில் இருக்காது, மெழுகில்தான் இருக்கும்.