சிறுதேனா, ரப்பர்த் தேனா?

மார்த்தாண்டத்தைச் சுற்றி, கேரள எல்லையையொட்டி வாழும் எங்களுக்கு இரண்டு வகைத் தேன் எளிதில் கிடைக்கிறது: ரப்பர்த் தோட்டத்துப் பெட்டிகளில் அடுக்குத் தேனீ சேர்க்கும் தேன், சுவர்ப் பொந்திலும் மூங்கில் குழாயிலும் கூடு கட்டும் கொடுக்கில்லாத் தேனீயின் சிறுதேன். உடல் செல்களைச் சிதைவிலிருந்து காக்க உதவுவதாகக் கருதப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை எண்ணி வாங்குவதென்றால் சிறுதேனே மேல் என்பது என் முடிவு. எங்கள் வீட்டிலும் அதற்கென்று அதையே வாங்குகிறோம்.

ரப்பர்த் தேன், ஜனவரி முதல் மார்ச் வரை மரம் தளிர்க்கும் காலத்தில் இலைக்காம்புச் சுரப்பிகளில் ஊறும் இனிப்பிலிருந்து வருவது. அளவு மிகுதி, விலை குறைவு. விரைவில் உறையும் என்பதற்காக அதைக் கலப்படம் என்று ஒதுக்குவது நியாயமன்று. ஆனால் அது வெளிர்நிறத் தேன். பொதுவாக நிறம் அடர்ந்த தேன்களில்தான் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃபீனால் சேர்மங்கள் மிகுதியாக இருக்கும்.

சிறுதேனின் சிறப்பு அதன் கூட்டிலிருந்தே தொடங்குகிறது. இத்தேனீக்கள் மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துச் சிறு கிண்ணங்கள் கட்டி அவற்றில் தேனைச் சேமிப்பதால், பிசினிலுள்ள ஃபிளாவனாய்டுகள், ஃபீனால் அமிலங்கள் ஆகிய ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் தேனில் சேர வாய்ப்பு உண்டு. அடுக்குத் தேனீக்கோ பிசின் சேர்க்கும் வழக்கமே இல்லை.

இருப்பினும், வாங்குபவர் முதலில் யோசிக்க வேண்டியது பாதுகாப்பைப் பற்றித்தான். தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரவிதி. சிறுதேனில் அது பெரும்பாலும் 25 விழுக்காட்டுக்கும் மேலே நிற்கிறது. அதனால் ஈஸ்ட் பெருகி, தேன் நுரைத்துப் புளிக்கிறது. இரண்டு பருவமழையும் பெறும் எங்கள் ஊரில், மூடி சற்றுத் தளர்ந்தாலும் காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்கிறது. இதைத் தவிர்க்கச் சூடாக்கினால் நொதிகள் சிதைந்து, சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரால் என்னும் சேர்மம் கூடுகிறது. கூடுதல் விலை கொடுத்ததன் பயன் அங்கேயே குறைந்துவிடும். ஆகவே சூடாக்காத தேனா என்று விற்பவரிடம் கேட்டு, சிறு புட்டியில் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் மட்டுமே எடுக்க வேண்டும். இந்தப் பராமரிப்புக்கு நேரமில்லாத வீட்டுக்கு ரப்பர்த் தேனே பொருத்தம்.

ஆய்வகக் குழாயில் அளக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் உடலுக்குள்ளும் அப்படியே வேலை செய்யும் என்று உறுதிகூற முடியாது. ஒரு தேக்கரண்டித் தேனைவிட ஒரு நெல்லிக்காய் இத்தடுப்பான்களை அதிகம் தரும். எந்தத் தேனிலும் பெரும்பகுதி சர்க்கரையே என்பதால் நீரிழிவுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்; ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இரண்டுமே கூடாது.

ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம் சிறுதேனே கிடைப்பதால் அதன் விலை பல மடங்கு. ஆகையால் பலகாரத்துக்கும் கொதிக்கும் கஷாயத்துக்கும் ரப்பர்த் தேனையே எடுக்கிறோம். சிறுதேனைச் சூடுபடாமல் அப்படியே உண்கிறோம்.